அறிந்தவரும் அசையாதவரும்: 'ஹிப்', 'கூல்' என்னும் இரு சொற்களின் வாழ்வு

1. கேள்வி

இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கின் ஜாஸ் அரங்குகளில் ஒரு மனிதரை மெச்சுவதற்கு இரண்டு சொற்கள் அருகருகே வழங்கிவந்தன. ஒன்று 'ஹிப்', மற்றொன்று 'கூல்'. கறுப்பின இசைக்கலைஞர்களின் கொச்சைப் பேச்சில் வேர்கொண்ட இவ்விரண்டும் வெள்ளை இளைஞர்களின் வாய்க்கும், பத்திரிகைகளுக்கும், விளம்பரங்களுக்கும் பரவின. இரண்டுக்கும் எதிர்ச்சொல்கூட ஒன்றுதான்: 'ஸ்கொயர்', அதாவது காலத்தோடு ஒட்டாத, கட்டுப்பெட்டியான ஆள். இன்றைய ஆங்கில அகராதிகளில் ஒன்றின் பொருள்விளக்கத்தில் மற்றொன்று இடம்பெறுவதும் இயல்பு.

ஆனால் இரண்டின் பிற்கால வாழ்வு ஒரே மாதிரி அமையவில்லை. 'கூல்' இன்றும் அமெரிக்கப் பள்ளிக் குழந்தையிடமும் அதன் தாத்தாவிடமும் ஒருங்கே புழங்குகிறது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாடுகளின் இளைஞர் பேச்சிலும் ஊறிவிட்டது. 'ஹிப்' அப்படி இல்லை. கேலித் தொனி இல்லாமல் அதைச் சொல்பவர் தம் வயதைக் காட்டிக்கொள்கிறார். அதன் கிளைச்சொல்லான 'ஹிப்ஸ்டர்' ஏறக்குறைய வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஒரே மண்ணில் முளைத்து, ஒரே வழியாகப் பரவிய இரு சொற்களில் ஒன்று மூப்படைந்ததும் மற்றொன்று மூப்படையாததும் ஏன்?

தற்செயல் என்றோ பழக்கத்தின் விளையாட்டு என்றோ இதைத் தள்ளிவிடலாம். இரு சொற்களின் பொருள் அமைப்பிலேயே இதற்கான காரணம் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். 'ஹிப்' ஒருவர் எதை அறிந்திருக்கிறார் என்பதைக் குறித்தது. 'கூல்' ஒருவர் தம்மை எப்படி நிறுத்திக்கொள்கிறார் என்பதைக் குறித்தது. சிலருக்கு மட்டும் தெரிந்திருப்பதால் மதிப்புப் பெறும் அறிவு, பலருக்கும் தெரிந்தவுடன் மதிப்பிழக்கிறது. நிதானத்துக்கு இந்த ஆபத்து இல்லை. எத்தனை பேர் கைக்கொண்டாலும் அது குறைவதில்லை.

சான்றுகளைப் பற்றி முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை தேவை. கொச்சைச் சொற்கள் பேச்சில் நெடுங்காலம் வாழ்ந்த பிறகே அச்சுக்கு வருகின்றன. அச்சேற்றியவர்களில் பலர் அப்பேச்சுக்கு வெளியே நின்றவர்கள். ஆகவே கீழே வரும் 'முதல் பதிவு' ஆண்டுகள் சொல் பிறந்த நாளைச் சொல்வதில்லை. அதற்குள் சொல் பிறந்துவிட்டது என்று மட்டுமே சொல்கின்றன.

2. 'ஹிப்': விழித்த கண்ணின் வழக்கு

'விவரம் தெரிந்தவர்' என்ற பொருளில் 'ஹிப்' அச்சில் தென்படுவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஜார்ஜ் வியர் ஹோபார்ட் 1904இல் வெளியிட்ட 'ஜிம் ஹிக்கி' என்ற நூலில் ஒரு பாத்திரம், தன் பேச்சு புரிந்ததா என்று கேட்பதற்கு இச்சொல்லைப் பயன்படுத்துகிறது. 'ஹெப்' என்ற மாற்று வடிவமும் ஏறத்தாழ அதே காலத்தில் வழக்கில் இருந்தது.

இதன் வேர் குறித்து மிகவும் பரவிய விளக்கம் ஆப்பிரிக்க மொழிகளை ஆய்ந்த மொழியியலாளர் டேவிட் டால்பி 1960களின் இறுதியில் முன்வைத்தது. செனகல் பகுதியின் வோலோஃப் மொழியில் 'கண்ணைத் திற', 'விழித்திரு' என்னும் பொருள்படும் வினைச்சொல் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியே அமெரிக்க ஆங்கிலத்தில் நுழைந்தது என்றார் அவர். 'ஹெப்கேட்' என்னும் கூட்டுச்சொல்லின் பின்பாதி ஆங்கிலப் பூனை அல்ல, செய்பவரைக் குறிக்கும் வோலோஃப் விகுதி என்பதும் அவர் கருத்து. ஜான் லீலண்ட் 2004இல் எழுதிய 'ஹிப்: தி ஹிஸ்டரி' என்ற நூல் இந்த விளக்கத்தைப் பொது வாசகரிடம் கொண்டுசேர்த்தது. அதே ஆண்டு அகராதியியலாளர் ஜெஸ்ஸி ஷைட்லோவர் இதைக் கடுமையாக மறுத்தார்.

மறுப்பின் வலு காலக்கணக்கில் இருக்கிறது. அமெரிக்காவுக்குள் அடிமைகளை இறக்குமதி செய்வது சட்டப்படி 1808இல் நின்றது. அதற்கும் இச்சொல்லின் முதல் அச்சுப் பதிவுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு. அவ்வளவு காலமும் இச்சொல் எந்தப் பதிவிலும் சிக்காமல் இருந்திருக்க வேண்டும். முன்னாள் அடிமைகளின் பேச்சைப் பதிவுசெய்தவர்கள் குறைவு என்பதால் இது முடியாத காரியமல்ல. ஆனால் முடியாததல்ல என்பது மட்டுமே நிறுவல் ஆகாது. இரு மொழிகளில் ஒலியும் பொருளும் ஒத்த இரு சொற்கள் தற்செயலாக அமைவதும் மொழியியலில் அரிதல்ல. எனவே வோலோஃப் வேரை நிறுவப்படாத ஊகமாகவே கொள்ள வேண்டும்.

நிறுவப்படாத அந்த ஊகம் இத்தனை எளிதாக ஏற்கப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. விழித்த கண் என்ற படிமம் சொல்லின் பொருளோடு அப்படியே பொருந்துகிறது. ஹிப்பாக இருப்பவர் பிறர் காணாததைக் காண்கிறார்; எந்த இசைக்கூடத்தில் யார் வாசிக்கிறார், எந்தச் சொல்லுக்கு உள்ளர்த்தம் எது, யாரை நம்பலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நிறவெறியின் கண்காணிப்பில் வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு இவ்வறிவு வெறும் பகட்டு அல்ல, பிழைத்திருப்பதற்கான கருவி.

அந்த அறிவு எவ்வளவு விரைவாகப் பழசாகும் என்பதற்குச் சொல்லின் வடிவமே சாட்சி. இசைக்குழுத் தலைவர் கேப் காலோவே 1938இல் ஹார்லெம் பேச்சுவழக்கைத் தொகுத்து ஒரு சிற்றகராதி வெளியிட்டார். அதன் தலைப்பில் இடம்பெற்ற வடிவம் 'ஹெப்'. 1940களில் பீபாப் இசையின் இளைய தலைமுறை எழுந்தபோது 'ஹெப்' என்று சொல்வதே விவரம் தெரியாதவரின் அடையாளமாகிவிட்டது. தெரிந்தவர் 'ஹிப்' என்றார். ஓர் உயிரெழுத்து மாற்றம் உள்ளாரையும் வெளியாரையும் பிரித்தது. அகராதியில் ஏறியதும் சொல் அகராதியை விட்டு நகர்ந்துகொண்டது.

3. 'கூல்': காக்கப்பட்ட முகம்

'கூல்' என்பதற்குப் பிறப்பு வழக்கு எதுவும் இல்லை. குளிர்ச்சியைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் அது. கொதிக்காத மனத்துக்கு அதை ஆகுபெயராக வழங்குவதும் பழமையானது. ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' நாடகத்தில் அறிவுக்கு அடைமொழியாக அது வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பெருந்தொகையைச் சொல்லும்போது அழுத்தம் தரவும் பயன்பட்டது. ஆபிரகாம் லிங்கன் 1860 பிப்ரவரியில் நியூயார்க்கின் கூப்பர் யூனியன் அரங்கில் ஆற்றிய உரையில், தென்மாநிலத்தாரின் மிரட்டலைக் குறித்து, கூச்சமில்லாத துணிச்சல் என்ற பொருளில் இச்சொல்லைக் கையாண்டார்.

பாராட்டாக மாறிய 'கூல்' வேறொரு தடத்தில் வருகிறது. ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1933இல் வெளியிட்ட 'தி கில்டட் சிக்ஸ்-பிட்ஸ்' சிறுகதையில், ஃபுளோரிடாவின் கறுப்பினப் பேச்சுவழக்கில், மெச்சத்தக்கது என்ற பொருளில் இது இடம்பெறுகிறது. ஆனால் இச்சொல்லுக்கு ஒரு முகமும் உடல்மொழியும் கொடுத்தவராகக் கருதப்படுபவர் சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங்.

யங்கைப் பற்றி விரிவாக எழுதிய பண்பாட்டு வரலாற்றாசிரியர் ஜோயல் டைனர்ஸ்டைன், கூல் என்பதை ஒரு முகமூடியாக விளக்குகிறார். அதுவரை வெள்ளைப் பார்வையாளர் முன் நிற்கும் கறுப்பினக் கலைஞர் சிரித்தாக வேண்டும், மகிழ்விக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. யங் கறுப்புக் கண்ணாடி அணிந்தார், வாத்தியத்தைச் சாய்த்துப் பிடித்தார், மெல்லிய தொனியில், அவசரமின்றி வாசித்தார். சிரிப்பை மறுப்பது வெளிப்படையான கலகமாகத் தோன்றாது. ஆனால் சிரிக்கக் கடமைப்பட்டவன் அல்லன் என்ற அறிவிப்பு அதற்குள் இருந்தது. கோபத்தைக் காட்டினால் தண்டனை, பணிவைக் காட்டினால் இழிவு. இவ்விரண்டுக்கும் நடுவே உணர்ச்சியைத் தன் கைக்குள் வைத்திருக்கும் ஒரு நிலைக்குத்தான் 'கூல்' என்று பெயர்.

கலை வரலாற்றாசிரியர் ராபர்ட் ஃபாரிஸ் தாம்ஸன் இதற்கு இன்னும் பழைய தொடர்ச்சியைத் தேடினார். யொரூபா மக்களின் அழகியலில் 'இதுத்து' என்னும் குளிர்ச்சி, நற்குணத்தின், நிதானத்தின், தலைமைத் தகுதியின் அடையாளமாக மதிக்கப்படுவதை அவர் 1973 கட்டுரையில் எடுத்துக்காட்டினார். இதைச் சொற்பிறப்பாகக் கொண்டால் வோலோஃப் ஊகத்தின் அதே சிக்கலில் மாட்டுவோம். தாம்ஸனின் சான்றுகள் சொல்லைப் பற்றியவையல்ல, ஒரு மதிப்பீட்டைப் பற்றியவை. அடிமைமுறையைத் தாண்டி ஒரு சொல் வந்ததா என்று காட்டுவது கடினம். உடலை நிறுத்தும் முறையும் நடனமும் இசைப் பழக்கமும் வந்தன என்று காட்டுவது அதைவிட எளிது.

சார்லி பார்க்கரின் 'கூல் புளூஸ்' 1947இல் பதிவானது. மைல்ஸ் டேவிஸின் ஒன்பதின்மர் குழு 1949, 1950 ஆண்டுகளில் பதிவுசெய்த இசையை 1957இல் ஒரே தட்டாகத் தொகுத்தபோது இசைத்தட்டு நிறுவனம் அதற்கு 'பர்த் ஆஃப் தி கூல்' என்று பெயரிட்டது. அதே 1957இல் பிராட்வே மேடையேறிய 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் 'கூல்' என்றே ஒரு பாடல் உண்டு. சண்டைக்குத் துடிக்கும் பையன்களை அவர்களின் தலைவன் அடக்கிவைக்கும் கட்டம் அது. பழைய பொருளான அடக்கமும் புதிய பொருளான பாராட்டும் அங்கே பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ் 1959இல் வெளியிட்ட எட்டடிக் கவிதை, பள்ளியை விட்டு பில்லியர்ட்ஸ் மேசையில் பொழுதைக் கழிக்கும் இளைஞர்களின் வாயில் இச்சொல்லை வைத்து, அந்தத் தோரணைக்கு அடியில் இருக்கும் அற்பாயுளையும் காட்டியது. முகமூடி காப்பாற்றவும் செய்யும், மூச்சை அடைக்கவும் செய்யும் என்பதைக் கறுப்பின எழுத்து தொடக்கத்திலேயே அறிந்திருந்தது.

4. இலக்கணம் தரும் சாட்சி

வரலாற்றுச் சான்றுகளைவிட உறுதியான சான்று இரு சொற்களின் வாக்கியப் பழக்கத்தில் கிடைக்கிறது.

'ஹிப்' ஒரு செயப்படுபொருளைத் தேடும் சொல். ஒருவர் ஏதோ ஒன்றைக் குறித்து ஹிப்பாக இருப்பார். வினையாகும்போது, ஒருவருக்கு ஒரு செய்தியைத் தெரிவித்து விழிப்பூட்டுவது என்று பொருள். 'நான் ஹிப்' என்று பதில் சொன்னால், புரிந்துகொண்டேன் என்று பொருள். மூன்றிலும் அறியப்படும் ஏதோ ஒரு விஷயம் வெளியே இருந்தாக வேண்டும்.

'கூல்' அப்படி எதையும் கேட்பதில்லை. அது கட்டளையாகும்: பதறாதே. பெயர்ச்சொல்லாகும்: ஒருவர் தம் கூலை இழக்கலாம், காத்துக்கொள்ளலாம். ஒற்றைச் சொல்லாக நின்று சம்மதத்தைக் குறிக்கும். இருவருக்கிடையே மனத்தாங்கல் இல்லை என்று சொல்லவும், வேண்டாம் என்று பணிவாக மறுக்கவும்கூட உதவும். இத்தனை பயன்களிலும் பொதுவாக ஓடுவது ஒன்றே: கொந்தளிப்பு இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது. நிதானமாக இரு என்று ஒருவருக்குக் கட்டளையிடலாம். விவரம் தெரிந்தவனாக இரு என்று கட்டளையிட்டால் எதைப் பற்றி என்ற கேள்வி உடனே எழும்.

இன்னொரு வேறுபாடும் கவனத்துக்குரியது. 'ஹிப்' ஆட்களைக் குறிக்கும் சொற்களை ஈன்றது: ஹெப்கேட், ஹிப்ஸ்டர், ஹிப்பி. 'கூல்' அத்தகைய நிலைத்த ஆட்பெயர் எதையும் ஈனவில்லை. ஆட்பெயர் ஒரு கூட்டத்தை உருவாக்குகிறது. கூட்டத்துக்கு உடையும் முடியும் முகவரியும் உண்டு. ஆகவே அதைக் கேலிச்சித்திரமாக வரையலாம். பண்புச்சொல்லாகவே நின்றுவிட்ட 'கூல்' எந்தக் கூட்டத்தோடும் சேர்ந்து மூழ்கவில்லை.

5. 'ஹிப்'பின் தேய்மானம்

ஆட்பெயர்கள் ஒவ்வொன்றாக மூழ்கியதைக் காலவரிசையில் காணலாம். அனத்தோல் பிராயார்ட் 1948இல் 'பார்ட்டிசன் ரிவ்யூ' இதழில் ஹிப்ஸ்டரைப் பற்றி எழுதியபோதே அந்த ஆள் தன் கலகத்தை இழந்து அலங்காரப் பொருளாகிவிட்டதாகக் கண்டார். நார்மன் மெய்லர் 1957இல் 'டிசென்ட்' இதழில் எழுதிய 'தி வொயிட் நீக்ரோ' என்ற கட்டுரை, கறுப்பின வாழ்வின் ஆபத்தை வெள்ளை இளைஞர்கள் தமக்குரிய தத்துவமாக எடுத்துக்கொள்வதைக் கொண்டாடியது. ஜேம்ஸ் பால்ட்வின் 1961இல் அதற்கு மறுமொழி எழுதினார். கறுப்பினத்தாரின் துயரத்தைப் புராணமாக்கிக்கொள்ளும் வெள்ளைக் கற்பனை அதில் அவருடைய இலக்கு. இரவல் வாங்கிய சொல்லோடு அனுபவமும் வந்துவிட்டது என்ற நம்பிக்கையே மெய்லர் கட்டுரையின் அடிப்படைப் பிழை.

சொல் இப்படி வெளியே போகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை நாவலாசிரியர் வில்லியம் மெல்வின் கெல்லி 1962 மே மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் விளக்கினார். கறுப்பினப் பேச்சு வெளியாருக்கு எட்டியதும் பொருளை மாற்றிக்கொள்கிறது அல்லது சொல்லையே கைவிடுகிறது என்பது அவருடைய அவதானிப்பு. அக்கட்டுரையின் தலைப்பிலேயே 'வோக்' என்ற சொல் இருந்தது: விழித்தவர். அரை நூற்றாண்டு கழித்து அச்சொல் உலகெங்கும் பரவி, சில ஆண்டுகளிலேயே எதிராளிகளின் ஏளனச் சொல்லாயிற்று. விழிப்பையும் அறிவையும் சுட்டும் இன்னொரு சொல்லும் 'ஹிப்' போன வழியிலேயே போனது, இந்தத் தேய்மானம் ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்த விபத்து அன்று என்பதைக் காட்டுகிறது.

1965 செப்டம்பரில் 'சான் ஃபிரான்சிஸ்கோ எக்ஸாமினர்' நாளிதழில் மைக்கேல் ஃபாலன், ஹெய்ட்-ஆஷ்பரி பகுதி இளைஞர்களை 'ஹிப்பி' என்று குறிப்பிட்டார். அப்பெயர் சில ஆண்டுகளில் உலகச் சொல்லானது. 'டவர் ஆஃப் பவர்' இசைக்குழு 1973இல் வெளியிட்ட பாட்டின் தலைப்பு, ஹிப் என்றால் என்ன என்ற கேள்விதான். பொருள் தெளிவாக இருந்திருந்தால் அப்படிக் கேட்டுப் பாட வேண்டியிருக்காது. புத்தாயிரத்தில் புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியை மையமாகக் கொண்டு 'ஹிப்ஸ்டர்' மறுபடி எழுந்தபோது, தன்னை அப்பெயரால் அழைத்துக்கொள்ள எவரும் முன்வரவில்லை. 'என் பிளஸ் ஒன்' இதழ் 2009இல் நடத்திய விவாதம் அடுத்த ஆண்டு நூலானபோது அதன் தலைப்பே ஹிப்ஸ்டரை இறந்தகாலத்தில் வைத்துப் பேசியது.

6. மாற்று விளக்கங்கள்

இந்த வாதத்துக்கு மாற்றாகவோ எதிராகவோ நிற்கக்கூடிய மூன்று விளக்கங்களை எடைபோட வேண்டும்.

முதலாவது, மானிடவியலாளர் ராபர்ட் மூர் 2004இல் 'அமெரிக்கன் ஸ்பீச்' ஆய்விதழில் வைத்தது. ஒவ்வொரு நெடுங்காலத் தலைமுறைக்கும் அடிப்படைப் பாராட்டுச்சொல் ஒன்று உண்டு. 1920கள் முதல் போர்க்காலம் வரை அந்த இடம் 'ஸ்வெல்' என்பதற்கு, 1960களுக்குப் பின் 'கூல்' என்பதற்கு. அந்தத் தலைமுறையின் மைய மதிப்பீட்டைத் தாங்குவதால் அச்சொல் மற்ற கொச்சைச் சொற்களைவிட நீடிக்கிறது என்கிறார் அவர். 'கூல்' நீடித்ததை இது நன்றாக விளக்குகிறது. அந்த இடத்துக்கு அருகிலேயே காத்திருந்த 'ஹிப்' ஏன் தேர்வாகவில்லை என்பதற்குச் சொல்லின் உள்ளமைப்புக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, வரலாற்றாசிரியர் பீட்டர் ஸ்டேர்ன்ஸ் 1994இல் எழுதிய 'அமெரிக்கன் கூல்'. விக்டோரிய காலம் போற்றிய ஆழ்ந்த கோபத்தையும் துக்கத்தையும் காதலையும் இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க நடுத்தர வர்க்கம் அடக்கிவைக்கக் கற்றுக்கொண்டது. குழந்தை வளர்ப்பு நூல்களும் அலுவலக ஒழுங்கும் அதைப் பயிற்றுவித்தன என்பது அவர் முடிபு. இதை ஏற்றால், 'கூல்' வெள்ளை நடுத்தர வர்க்கத்துக்குள் நுழைந்தபோது அங்கே ஏற்கெனவே வாசல் திறந்திருந்தது என்று புரிகிறது. என் வாதத்துக்கு இது துணை. ஆயினும் இரு அடக்கங்களையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. மேலாளரின் முன் கோபத்தை விழுங்குவதும், போலீஸ்காரரின் முன் கோபத்தை விழுங்குவதும் வெளித்தோற்றத்தில் ஒன்று போல இருக்கலாம். தவறினால் கொடுக்கும் விலை வேறு.

மூன்றாவது எதிர்ச்சான்றே கடினமானது. மால்கம் கிளாட்வெல் 1997 மார்ச்சில் 'நியூயார்க்கர்' இதழில், தெருவோர இளைஞர்களிடையே அடுத்த போக்கைத் தேடும் காலணி நிறுவனங்களின் ஆட்களைப் பற்றி எழுதினார். 'கூல்' எது என்று கண்டுபிடித்த மறுகணமே அது இடம் மாறிவிடுகிறது என்பது அவர் கண்ட விதி. அப்படியானால் 'கூல்' என்பதும் பரவினால் தேயும் பண்டம்தானே?

அங்கே ஓடுவது எது என்று பார்த்தால் விடை கிடைக்கும். எந்தக் காலணி, எந்த நிறம், எந்தத் தெரு என்பவை எல்லாம் அறிவின் துணுக்குகள். முன்பு 'ஹிப்' சுமந்த பாரத்தை இப்போது 'கூல்' சுமக்கிறது. தாமஸ் ஃபிராங்க் அதே 1997இல் வெளியிட்ட 'தி காங்க்வெஸ்ட் ஆஃப் கூல்' என்ற நூல் 1960களின் விளம்பரத் துறையை ஆராய்ந்து, எதிர்ப்பண்பாட்டை வணிகம் பின்னால் வந்து திருடவில்லை, உடனிருந்தே வளர்த்தது என்று காட்டியது. ஆண்டுதோறும் பழசாகும் அறிவு, ஆண்டுதோறும் புதிய பொருளை விற்க உதவுகிறது. ஃபிராங்கின் தலைப்பில் 'கூல்', துணைத்தலைப்பில் 'ஹிப்' என இரண்டும் ஒரே பொருளில் வருவதே இரண்டின் எல்லைக்கோடு அதற்குள் அழிந்துவிட்டதற்குச் சான்று.

எனவே என் வாதத்தை ஓரளவு திருத்தி அமைக்க வேண்டும். 'கூல்' தேயாத சொல் அன்று. 'நாகரிகமானது' என்னும் அதன் ஒரு கிளைப்பொருள் தேய்ந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கிளை உலர்ந்தாலும் அமைதி, சம்மதம், பொதுப் பாராட்டு என்னும் மற்றக் கிளைகள் சொல்லைத் தாங்குகின்றன. 'ஹிப்'புக்கு அந்த ஒரு கிளையைத் தவிர வேறு பிடிமானம் இல்லை.

7. முடிவுரை

சொல் நீடிப்பதை அதன் வெற்றியாகக் கொள்வது எளிது. இலான் தார்-நிம்ரோத்தும் சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட உளவியல் ஆய்வு இங்கே யோசிக்க வைக்கிறது. 'கூல்' என்றதும் இன்றைய இளைஞர்கள் முதன்மையாகச் சொன்னவை நட்புணர்வு, திறமை, கவர்ச்சி முதலியவை. கலகமும் ஒட்டாமையும் பின்தங்கிவிட்டன. லெஸ்டர் யங் மறுத்த அதே இனிமையான முகத்தையே இன்று இச்சொல் பாராட்டுகிறது. எதிர்ப்பதற்காகப் பிறந்த பொருள் எதிர்க்கப்பட்டதன் பக்கமே போய்ச் சேர்ந்திருக்கிறது.

'ஹிப்' பழசானது, ஆனால் தன் ஊரையும் காலத்தையும் இழக்கவில்லை. அதைக் கேட்டால் 1940களின் நியூயார்க்கோ 1960களின் சான் ஃபிரான்சிஸ்கோவோ நினைவில் எழுகிறது. 'கூல்' பழசாகவில்லை, ஆனால் அதைச் சொல்பவருக்கு அதன் பின்னால் இருந்த அச்சமும் தன்மானமும் தெரிய வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. பண்பாட்டு இரவல் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் எந்தச் சொல் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதோடு நின்றுவிடுகின்றன. எடுக்கப்பட்ட பிறகு எந்தச் சொல் தன் வரலாற்றை உதிர்த்தால்தான் வாழ முடிந்தது என்று கேட்பதும் அதே அளவுக்குத் தேவையான ஆய்வு. அந்தக் கேள்விக்கு அகராதியின் இணைச்சொல் வரிசை உதவாது; இரண்டும் ஒன்றே என்று அது சொல்லும் இடத்தில்தான் வேறுபாட்டைத் தேடத் தொடங்க வேண்டும்.